விபஸ்ஸனா பத்து நாள் முகாம்: வாழ்க்கை ஆட்டம் காணும்போது போகலாமா?

வேலை போயிருக்கும். கல்யாணம் முறியும் கட்டத்தில் இருக்கும். அப்பா தவறியிருப்பார். இப்படி ஏதாவது ஒன்று நடந்த மறுமாதமே யாராவது சொல்லிவிடுவார்கள்: "பேசாம பத்து நாள் விபஸ்ஸனா போயிட்டு வா, எல்லாம் தெளிவாயிடும்." சொல்பவருக்கு நல்லெண்ணம்தான். ஆனால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று அந்தத் தியான முகாம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அங்கே கற்றுத்தருவது ஒரே ஒரு வேலை. உடம்பில் எழும் உணர்வைக் கவனிக்க வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன் பின்னால் ஓடாமல் இருக்க வேண்டும். இந்தப் பழக்கம் பிற்பாடு முடிவெடுக்கக் கைகொடுக்கும். அந்தப் பத்து நாளுக்குள்ளேயே முடிவெடுத்துவிட வேண்டும் என்று போகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

இன்று உலகம் முழுக்க ஒரே அச்சில் நடக்கும் இந்த முகாமை வடிவமைத்தவர் எஸ். என். கோயங்கா. 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், 1955இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கின்னிடம் போய்ச் சேர்ந்தார். ஊ பா கின் சாமியார் அல்ல, பர்மா அரசின் கணக்குத் துறைத் தலைவராக இருந்தவர். தலைவலி தீர வேண்டும் என்று வந்தால் சேர்க்க மாட்டேன் என்று அவர் முதலில் மறுத்துவிட்டதைக் கோயங்காவே சொல்லியிருக்கிறார். அறுபதுகளில் பர்மா அரசு தொழில்களையெல்லாம் தேசியமயமாக்கியபோது கோயங்காவின் ஆலைகளும் போயின. சென்னை பர்மா பஜாரில் கடை போட்டவர்களை அங்கிருந்து கிளப்பியதும் அதே நடவடிக்கைதான். 1969இல் அவர் இந்தியா வந்து வகுப்பெடுக்கத் தொடங்கினார். 1976இல் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தம்ம கிரி என்ற தியான மையம் எழுந்தது. 2013இல் அவர் காலமானார். இன்றும் நீங்கள் கேட்கப்போவது அவருடைய பதிவுக் குரலைத்தான்.

சென்னைக்காரர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் தம்ம மதுரா. கேரளத்தில் செங்கன்னூரை ஒட்டி தம்ம கேதன. இலங்கையில் பேராதனை அருகே மலை மேல் தம்ம கூட. எங்கே போனாலும் பாடமும் நேர அட்டவணையும் ஒன்றே. அதனால் நல்ல மையம் எது என்று தேடி அலைய வேண்டாம். பயண தூரம், அந்த மாதத்து வெயில், அறையைப் பகிர வேண்டுமா என்ற மூன்றை மட்டும் பார்த்தால் போதும். சித்திரை, வைகாசியில் சமவெளியில் போகிறவர்கள் தியானத்தைவிட வேர்வையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கும்.

பெயர்தான் பத்து நாள். கணக்குப்படி பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும். முதல் நாளுக்கு முந்தைய மதியம் போய்ச் சேர வேண்டும், பதினொன்றாம் நாள் காலையில்தான் விடுவார்கள். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30 முதல் 6:30 வரை தியானம், பிறகு காலை உணவு. 8 முதல் 11 வரை மறுபடி உட்கார வேண்டும். 11 மணிக்கு மதிய உணவு. 1 முதல் 5 வரை தியானம், 5 மணிக்குத் தேநீர், 6 மணிக்குக் கூட்டுத் தியானம், 7 மணிக்கு உரை, 9 மணிவரை இன்னொரு அமர்வு, 9:30க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடி உட்காருகிறீர்கள். இதில் 8, 2:30, 6 மணி அமர்வுகள் மூன்றையும் கூடத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். மற்றவற்றில் சிலவற்றை அறையில் செய்யலாம் என்பார்கள். அறையில் செய்வது என்றால் நடைமுறையில் படுத்துத் தூங்குவது என்றே ஆகும், அதிகாலை அமர்வு முக்கியமாக. கூடத்துக்கே போய்விடுங்கள்.

பேச்சு கிடையாது. கண்ணால், கையால் ஜாடையும் கூடாது. ஆரிய மௌனம் என்பார்கள். போன், புத்தகம், பேனா எல்லாம் அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். சாப்பாடு, அறை, உடல்நலம் பற்றி, அங்கே தொண்டு செய்யும் தம்ம சேவகரிடம் பேசலாம். தியானம் பற்றி, முகாமை நேரில் நடத்தும் உதவி ஆசிரியரிடம் மதியம் 12 முதல் 1 மணிவரை தனியாகக் கேட்கலாம். அந்தச் சந்திப்பு சில நிமிடம்தான். "மனைவியைப் பிரியலாமா?" என்று அங்கே கேட்டால் பதில் வராது, "உணர்வைக் கவனியுங்கள், சமநிலையோடு இருங்கள்" என்றுதான் வரும். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. அவர்கள் ஆலோசகர்கள் அல்ல, நுட்பத்தைச் சரிபார்ப்பவர்கள். மனம் உடைந்த நிலையில் ஆறுதல் தேடிப் போகிறவருக்கு இந்த இடம் வறண்டுதான் தெரியும்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானா மட்டும். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கிறீர்கள், மூன்றாம் நாளுக்குள் கவனம் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்துக்குச் சுருங்கும். நான்காம் நாள் மதியம்தான் விபஸ்ஸனா. உச்சந்தலையிலிருந்து கால்விரல்வரை ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்த வேண்டும். அன்றிலிருந்து மூன்று கூட்டு அமர்வுகளும் அதிட்டானம் ஆகிவிடும். ஒரு மணி நேரத்துக்குக் கை, கால், கண் எதையும் திறக்காமல், மாற்றாமல் இருக்க முயல வேண்டும்.

மன உளைச்சலோடு வருபவருக்கு இந்த முகாமின் உண்மையான சரக்கு அந்த ஒரு மணி நேரம்தான். முதல் இருபது நிமிடம் ஒன்றும் தெரியாது. அரை மணியில் கணுக்கால் மரத்துப்போகும். நாற்பதாவது நிமிடம் வலது முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருக்கும். மனம் உடனே காரணம் ஜோடிக்கும்: ஜவ்வு கிழிந்துவிடும், டாக்டர் என்ன சொன்னார், இவர்களுக்கு என்ன தெரியும். அந்த நேரத்தில் வலியை உற்றுக் கவனித்தால் அது ஒரே கட்டியாக இல்லை என்பது தெரியும். சூடு, துடிப்பு, இறுக்கம் என்று பிரியும், கூடும், குறையும். கடைசி ஐந்து நிமிடத்தில் கோயங்காவின் குரல் ஒலிக்கத் தொடங்கியதும் அதே முட்டி பாதி வலிதான் வலிக்கும். முட்டியில் எதுவும் மாறவில்லை. எப்போது முடியும் என்ற தவிப்பு மட்டும் போய்விட்டது. மேலதிகாரியின் மின்னஞ்சலைப் பார்த்ததும் வயிற்றில் ஏறும் சூட்டையும் இதே முறையில் பார்க்க முடியும் என்பதை எந்த உரையும் இவ்வளவு நேரடியாகப் புரியவைக்காது.

உட்காரும் விதத்தை ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள். நிறையப் பேர் தட்டையான மெத்தையில் சம்மணம் போட்டு, முட்டி இடுப்பைவிட உயர்ந்து நிற்க உட்காருகிறார்கள். அப்படி உட்கார்ந்தால் கீழ் முதுகு வளைந்து இரண்டாம் நாளே பிடித்துக்கொள்ளும். பிட்டத்துக்கு அடியில் நான்கு முதல் ஆறு அங்குலம் உயரம் கொடுத்து, முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்து தரையைத் தொடும்படி பாருங்கள். தொடவில்லையென்றால் முட்டிக்கு அடியில் துண்டை மடித்து வைக்கலாம். மெத்தையும் தலையணையும் மையத்தில் தருவார்கள். முதுகுத் தண்டிலோ முட்டியிலோ ஏற்கெனவே பிரச்சினை இருந்தால் நாற்காலி கேட்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நான்காம் நாள்வரை பல்லைக் கடித்துவிட்டு அதன்பிறகு நாற்காலி கேட்பதுதான் வீண்.

சாப்பாடு எளிமையான சைவம், நன்றாகவே இருக்கும். புதியவர்களுக்கு மாலை 5 மணிக்குப் பழம், பொரி, பால் அல்லது தேநீர். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை எதுவும் இல்லை. ஏற்கெனவே முகாம் முடித்தவர்களுக்கு எலுமிச்சை நீர் மட்டுமே. இரவு எட்டரைக்கு நான்கு தோசை சாப்பிட்டுப் பழகிய வயிறு முதல் இரண்டு நாள் சண்டை போடும். பதிலுக்கு மதியச் சாப்பாட்டை இரட்டிப்பாக்கினால் ஒரு மணி அமர்வு முழுக்கத் தூக்கம்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இரவு உணவைக் குறையுங்கள். நாளுக்கு ஐந்து காப்பி குடிப்பவர்கள் அதை ஒன்று, இரண்டாக இறக்கிவிட்டுப் போங்கள். சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடித்துக்கொள்ளும். புகைபிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிகோடின் விலகலின் உச்சம் முதல் இரண்டு, மூன்று நாள். முகாமில் பலர் பெட்டியைக் கட்ட நினைப்பதும் அதே இரண்டாம் நாளில்தான். இரண்டு தொல்லையையும் ஒன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளாமல், இரண்டு வாரம் முன்பே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். 11 மணிச் சாப்பாடு, 5 மணிப் பழம் என்ற அட்டவணையில் வழக்கமான அளவு மருந்தைப் போட்டால் இரவில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். உங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள், குளுக்கோமீட்டரை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவக் காரணம் இருந்தால் இரவுக்கு லேசான உணவு ஏற்பாடு செய்வார்கள். முன்கூட்டித் தெரிந்தால்தான் முடியும்.

விண்ணப்பப் படிவம் இந்தச் சேவையின் மிக முக்கியமான பகுதி. ஆனால் மிக அலட்சியமாக நிரப்பப்படுவதும் அதுதான். மனநலப் பிரச்சினை இருந்ததா, இப்போது என்ன மருந்து, மது, போதைப் பழக்கம் உண்டா, வேறு தியானமுறை பழகுகிறீர்களா என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் இடம் கிடைக்காதோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். இன்னும் மோசம், மருந்தே எடுக்கவில்லை என்று எழுதுவதற்காக எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைக் கிளம்பும் வாரத்தில் நிறுத்துவது. சில நாளிலேயே தலைசுற்றல், மண்டைக்குள் மின்சாரம் வெட்டியதுபோன்ற அதிர்வு, எரிச்சல், தூக்கமின்மை என்று வரலாம். வெளியே இருந்தால் மருந்து நிறுத்தியதால் வந்தது என்று தெரிந்துவிடும். முகாமுக்குள் இருப்பவர் மனத்தில் படிந்த பழைய பதிவுகள் மேலெழுந்து வெளியேறுகின்றன என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். உதவி ஆசிரியருக்கும் விஷயம் தெரியாததால் அவரும் தொடர்ந்து கவனிக்கச் சொல்வார்.

உற்சாகப் பித்தும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய், மனச்சிதைவு, அடிக்கடி வரும் கடும் பீதி, தற்கொலை எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் இது உங்களுக்கான இடம் அல்ல. தூக்கம் குறைந்து, பேச்சும் இல்லாமல், நாள் முழுக்க உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். தியானப் பயிற்சியால் பயம், தூக்கமின்மை, நிஜ உலகமே அன்னியமாகத் தெரிவது போன்ற விளைவுகள் வந்தவர்களைப் பற்றி பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் அழைக்க வேண்டியது 14416, டெலி மானஸ். கட்டணமில்லாத அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். துக்கம் நடந்து சில வாரமே ஆன நிலையிலும் போகாமல் இருப்பதே நல்லது. அந்த நேரத்தில் மனிதருக்குத் தேவை நாலு பேர் கூட உட்கார்ந்து பேசுவது. முகாம் முதலில் எடுத்துவிடுவது அதைத்தான்.

சரி, நோய் எதுவும் இல்லை, வெறும் குழப்பம்தான் என்றால்? ராஜினாமாவா இல்லையா, துபாய் வேலையை ஒப்புக்கொள்வதா, வீட்டை விற்பதா? இந்தக் கேள்வியோடு வருபவருக்கு ஐந்தாம் நாள்முதல் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. மனத்துக்குப் புதிய தகவல் எதுவும் வராது. எதிர்வாதம் சொல்ல ஆள் இல்லை. பழைய சண்டை ஒன்றையே எடுத்து ஒரு நாளில் ஐம்பது முறை ஓட்டும், ஒவ்வொரு ஓட்டத்திலும் எதிராளி இன்னும் கெட்டவராவார். ராஜினாமாக் கடிதம் தலைக்குள் வார்த்தைக்கு வார்த்தை தயாராகிவிடும். எட்டு, ஒன்பதாம் நாளில் சிலருக்கு உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு ஓடும் நிலை வரும், இனிமையாக இருக்கும். அந்த இதத்தில் தோன்றும் எந்த எண்ணமும் ஞானம்போலவே தெரியும். உடம்பின் இதத்தை யோசனையின் சரியென்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய பிசகு. இனிய உணர்வும் எழுந்து மறைவதே, அதையும் பிடித்துக்கொள்ளாதே என்று மாலை உரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கேட்டுவிட்டு மறுநாள் அதையே தேடி உட்காருவோம்.

அதனால் கிளம்புமுன் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். என்ன முடிவு, எந்தத் தேதிக்குள், தள்ளிப்போட்டால் உண்மையில் என்ன நஷ்டம். முகாம் முடிந்து மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் அந்தத் தாளைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுத் தேதி முகாம் நடக்கும் பன்னிரண்டு நாளுக்குள்ளோ அதை ஒட்டிய வாரத்திலோ விழுந்தால் முகாமைத் தள்ளிப்போடுங்கள். வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கும் இதே கணக்கு. நேர்காணல் அழைப்பு வந்து இரண்டு நாளில் பதில் கேட்பார்கள், உங்கள் போன் பெட்டிக்குள் கிடக்கும்.

பணக்கணக்கும் பாருங்கள். வீட்டுக்கடன் தவணை எந்தத் தேதி, வங்கியில் அதற்குப் பணம் இருக்கிறதா, காப்பீட்டுத் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஓடிபி வந்தால்தான் நடக்கும் வேலை ஏதாவது உண்டா. இவற்றை முடித்துவிட்டோ வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோ போனால் மூன்றாம் நாள் உட்கார்ந்து தவணையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மையத்தின் அலுவலக எண்ணை வீட்டில் கொடுங்கள். அவசரம் என்றால் அதில் சொல்லலாம், உங்களுக்குத் தகவல் வந்துவிடும். அவசரம் என்றால் எது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் எரிவாயு சிலிண்டர் வரவில்லை என்பதற்கும் அழைப்பு வரும்.

பையில் போட வேண்டியவை குறைவு. தொளதொளப்பான பருத்தி உடைகள், கையில்லாதவையும் இறுக்கமானவையும் வேண்டாம். போர்வை, படுக்கை விரிப்பு, பூட்டு, டார்ச், கொசு விரட்டி, வாசனையில்லாத சோப்பு, மருந்துகள் அவற்றின் சீட்டோடு. காலையில் எழுப்ப மணி அடிப்பார்கள், கடிகாரம் தேவையில்லை. ஆங்கிலம் நன்றாகப் புரியும் என்றால், தேர்வு கொடுத்தால், மாலை உரையைக் கோயங்காவின் மூலக் குரலிலேயே கேளுங்கள். அவருடைய நகைச்சுவை அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. பாலி மொழியில் வரும் நீளமான ஓதல் சிலருக்குக் கடைசிவரை ஒட்டாது. ஒட்டாவிட்டாலும் பாடத்துக்குப் பழுதில்லை.

இந்தச் சேவையின் பெரிய குறை, சின்ன அளவில் முயன்று பார்க்க வழி இல்லாதது. ஒரு நாள், மூன்று நாள் முகாம்கள் உண்டு, ஆனால் அவை ஏற்கெனவே பத்து நாள் முடித்தவர்களுக்கு மட்டும். புதியவருக்குக் கிடைப்பது குறுகிய ஆனாபானா அமர்வு ஒன்றுதான், அதை இணையத்திலேயே இலவசமாகக் கேட்கலாம். முதலில் இரண்டு வாரம் தினமும் அதைச் செய்து பாருங்கள். பத்து நிமிடம்கூட உட்கார முடியாமல் பதற்றம் கூடிக்கொண்டே போனால், பத்து நாளை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். நடுவில் வெளியேறுவதையும் அவர்கள் விரும்புவதில்லை, தொடர்ந்து இருக்கச் சொல்லி வலியுறுத்துவார்கள். ஆனால் தூக்கம் முழுக்கப் போய், பயம் ஏறி, நிதானம் தப்புவதுபோல் இருந்தால் உதவி ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்லி வீட்டுக்கு அழைப்பு போடச் சொல்லுங்கள். வெறும் சலிப்பும் முட்டிவலியும் என்றால் இருங்கள், ஆறாம் நாளைத் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பத்தாம் நாள் காலை, எல்லோருக்கும் நலம் நினைக்கும் மைத்திரி தியானம் சொல்லித்தந்து மௌனத்தை விடுவிப்பார்கள். அன்று கூடத்துக்கு வெளியே எழும் சத்தம் கல்யாண மண்டபத்துக்குக் குறையாது, பலருக்குத் தலையே வலிக்கும். பதினொன்றாம் நாள் போனைத் திறந்ததும் பன்னிரண்டு நாள் செய்திகள் ஒன்றாகக் கொட்டும். மறுநாளே அலுவலகம் போகாதபடி இரண்டு நாள் கூடுதலாக விடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். அன்று யாருக்கும் நீண்ட மன்னிப்புச் செய்தியோ கணக்குத் தீர்க்கும் செய்தியோ அனுப்பாமல் இருப்பதும் நல்லது. வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி தொடர வேண்டும் என்பது பாடம். குழந்தையும் வேலையும் உள்ள வீட்டில் முதல் மாதத்திலேயே மாலை அமர்வு கழன்றுவிடுகிறது. காலை அரை மணியாவது நின்றால் போன காரியம் வீணாகவில்லை என்று சொல்லலாம்.

விலையைப் பொறுத்தவரை கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் முன்பு முடித்துப் போனவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது. முகாமை முழுமையாக முடிக்காதவரிடம் நன்கொடை வாங்க மாட்டார்கள். கடைசி நாட்களில் நன்கொடை மேசை போட்டிருப்பார்கள், யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனால் அந்த நெகிழ்ச்சியில் கையில் இருப்பதையெல்லாம் கொடுக்கத் தோன்றும். வேலை இல்லாத நேரத்தில் போனவர் என்றால் இரண்டு பேர் பன்னிரண்டு நாள் சாப்பிட ஆகும் செலவைக் கணக்கிட்டு அதைக் கொடுங்கள். மீதியை வீட்டுக்குப் போய், சம்பளம் வரத் தொடங்கிய பிறகு அனுப்பிக்கொள்ளலாம். வங்கி வழியாகவும் ஏற்றுக்கொள்கிறார்கள்.